பக்கத்துச் சிலேட்டு

வாத்தியார்களை உட்காரவைத்துப் பாடம் நடத்துவதைப் போன்ற கஷ்டம் உலகத்தில் வேறு கிடையாது. என் வாழ்நாளில் பாதிக்கு மேல் அதைத்தான் செய்தேன், அதற்குச் சம்பளமும் வாங்கினேன். போன மாதம், இப்போது அந்த வேலையைப் பார்க்கிற இரண்டு இளம்பெண்கள் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இருவர் முகமும் வாடிக் கிடந்தது. பயிற்சிக்கு வருகிற ஆசிரியர்கள் செல்போனை விட்டுக் கண்ணை எடுப்பதில்லையாம். எழுதச் சொன்னால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதுகிறார்களாம். "உங்க காலத்துல எல்லாரும் ஒழுங்கா இருந்திருப்பாங்க, இல்லையா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். குடித்துக்கொண்டிருந்த காப்பி எனக்குப் புரையேறிவிட்டது.

பக்கத்துச் சிலேட்டைப் பார்த்து எழுதின ஒரு பெரிய மனிதரின் கதையை அன்றைக்கு அவர்களுக்குச் சொன்னேன். இதை எழுதித்தான் ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். சரி, கை ஓடுகிறவரைக்கும் எழுதிப் பார்க்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ஏரல் பக்கம், வயல்காட்டு ஊர். ஆசிரியப் பயிற்சி படித்தது நாசரேத்தில். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மணியடித்தால் எழுந்தோம், மணியடித்தால் ஜெபித்தோம், மணியடித்தால் சாப்பிட்டோம். சுடலைமாடனுக்குப் பொங்கல் வைக்கிற வீட்டுப் பிள்ளையான எனக்கு அங்கே பாடின ஞானப்பாட்டுகள் இன்றைக்கும் அட்சரம் பிசகாமல் வரும். அங்கே சொல்லிக்கொடுத்த மனோதத்துவம்தான் ஒரு வரி நினைவில் இல்லை.

வேலைக்குச் சேர்ந்து சில வருஷத்தில் புதுக் கணக்கு வந்து இறங்கியது. எழுபதுகளின் ஆரம்பம் அது. கூட்டல் கழித்தல் வாய்ப்பாடு என்று நிம்மதியாக இருந்த வாத்தியார்கள் தலையில் கணம், சேர்ப்பு, வெட்டு என்று புதுப்புதுப் பேராக வந்து விழுந்தது. வட்டம் போட்டு அதற்குள் மாங்காயை வரைந்தால் அது கணக்கா, டிராயிங்கா என்று ஒரு தலைமையாசிரியர் மனு எழுதிப் போட்டார். ஆகவே தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குத் தூத்துக்குடியில் பயிற்சி முகாம் நடத்துவது என்று முடிவாகி, நாசரேத்துக்காரரான தானியேல் சாரை அதற்குத் தலைவராகப் போட்டார்கள். அவருக்கு உதவியாக என்னைப் போட்டார்கள்.

தானியேல் சாரைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்லவேண்டும். ஒல்லியான ஆள். சலவைச் சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும், அதுவும் பாதிப் பாதியாக உடைத்தது. முழு சாக்பீஸ் கீச்சென்று கத்தும், கத்தினால் பிள்ளை பாடத்தை விட்டுவிட்டுப் பல்லைக் கடிக்கும் என்பார். ஒரு ஆசிரியர் பாடம் நடத்துவதைப் பார்க்க உட்கார்ந்தால் அவர் முகத்தைப் பார்க்கமாட்டார், காலைப் பார்ப்பார். "பயந்தவன் காலு மேசைக்குப் பின்னால போயிரும் சிவகாமி. வாய் எதையாவது சொல்லிச் சமாளிக்கும். காலுக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அவருடைய முக்கியமான ஆயுதம் ஒரே ஒரு சொல். யார் என்ன தவறு செய்தாலும் அவர்கள் முகத்துக்கு நேரே "தப்பு" என்று அவர் வாயில் வராது. பிள்ளை பயந்துவிடும் என்பது அவர் கொள்கை. அதற்குப் பதிலாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு "அப்படியா?" என்பார், அவ்வளவுதான். சொன்னவனே தன் பதிலை எடுத்துப் புரட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்ளவேண்டும். இது பழகிப்போய் எல்லா இடத்திலும் அதுவேதான். ஒரு தடவை டீக்கடை அண்ணாச்சி அவரிடம் மீதிச் சில்லறை கொடுத்தபோது, ஏதோ யோசனையில் "அப்படியா?" என்றுவிட்டார். அண்ணாச்சி நடுங்கிப்போய், சரியாகக் கொடுத்த சில்லறையைத் திரும்ப வாங்கி மூன்று முறை எண்ணினார்.

முகாமில் தானியேல் சார் வைத்த விதி, ஆசிரியர்கள் பிள்ளைகளாகவே பெஞ்சில் உட்காரவேண்டும் என்பது. முதல் நாள் எல்லாரும் முறைப்பார்கள். மறுநாளே ஆட்கள் மாறிவிடுவார்கள். மீசை நரைத்த தலைமையாசிரியர் ஒருவர் சுண்டுவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு வெளியே ஓடுவார். அவர் பின்னாலேயே இன்னும் நாலு பேர் விரலை உயர்த்துவார்கள். முத்தையாபுரத்து வாத்தியார் ஒருவர், தம் பேனாவை ஏரல் வாத்தியார் எடுத்துவிட்டார் என்று என்னிடம் வந்து கோள் சொன்னார். கிளிஞ்சல் ஒட்டி அட்டை செய்யச் சொன்னால், காய்ச்சி வைத்த மைதாப் பசையை ஒருத்தர் முதுகில் ஒருத்தர் தடவுவார்கள். மத்தியானம் மீன்குழம்புச் சாப்பாடு முடிந்தபிறகு நடக்கும் வகுப்பை யாரும் எனக்கு ஒப்படைக்கக்கூடாது என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை. அந்த வகுப்பு எப்போதும் எனக்குத்தான் வரும்.

காலை நேரத்தில் மாதிரிப் பாடம் நடக்கும். அதற்கு நிஜப் பிள்ளைகள் வேண்டுமே. முகாம் நடந்த கட்டடத்தை ஒட்டியே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதன் ஐந்தாம் வகுப்பைக் கூட்டிவந்து முன்னால் உட்காரவைப்போம். பின்னால் ஆசிரியர்கள் உட்கார்ந்து கவனிப்பார்கள். முகாமுக்கு முகாம் ஆசிரியர்கள் புதிது, ஆனால் பிள்ளைகள் அதே பிள்ளைகள், பாடமும் அதே பாடம். இதில் ஒரு கோளாறு விளையும் என்று படித்த எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பாடத்தையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். இரண்டு மூங்கில் வளையங்களை ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும்படி தரையில் வைப்போம். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் மூன்று புளியங்கொட்டை. ஆனால் ஒரு கொட்டை இரண்டு வளையத்துக்கும் பொதுவான இடத்தில் கிடக்கும். மொத்தம் எத்தனை என்று கேட்டால் மூன்றும் மூன்றும் ஆறு என்றுதான் முதலில் தோன்றும். பொதுவான கொட்டையை இரண்டு தடவை எண்ணிவிட்டோம், ஆகவே ஐந்துதான் என்று பிள்ளைக்குப் புரியவேண்டும். இதுதான் சேர்ப்புக் கணம்.

மாதிரிப் பாடத்தில் ஒரு பிள்ளையாவது தவறாகச் சொல்லவேண்டும் என்பது தானியேல் சாரின் இன்னொரு விதி. எல்லாரும் சரியாகச் சொல்லிவிட்டால், திருத்துவது எப்படி என்று பார்க்கிற ஆசிரியருக்குத் தெரியாமல் போய்விடுமாம். முதல் முகாமில் ஞானசெல்வி என்ற பெண் நிஜமாகவே "ஆறு" என்று சொன்னாள். சார் "அப்படியா?" என்றார். அவள் யோசித்து "அஞ்சு" என்று திருத்தினாள். அவருக்கு உச்சி குளிர்ந்து அவளுக்கு ஒரு புதுப் பென்சில் கொடுத்தார். அங்கே பிடித்தது சனி. இரண்டாம் முகாமில் பாதி வகுப்பு "ஆறு" என்று எழுந்து நின்றது. அதற்குப்பிறகு அவர்களுக்குள்ளேயே பஞ்சாயத்து நடந்து, தவறாகச் சொல்கிற பாத்தியதை ஞானசெல்விக்கே என்று தீர்ப்பாகிவிட்டது. கிடைக்கிற பென்சிலை முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்களாம். அவள் "ஆறு" என்று சொல்லிவிட்டு, "அப்படியா?" வந்ததும் நெற்றியில் கையை வைத்து யோசிப்பாள் பாருங்கள், எங்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.

இந்த நிலவரத்தில்தான் புஷ்பம் டீச்சர் எங்கள் முகாமுக்கு வந்து சேர்ந்தாள். செம்மணலும் பனையுமான தேரிக்காட்டுப் பக்கத்துப் பெண். வேலை பார்த்தது முத்தையாபுரத்துக்குத் தெற்கே உப்பளம் தாண்டி ஒரு கடலோர ஊர்ப் பள்ளிக்கூடத்தில். அப்பா பனையிலிருந்து விழுந்து படுத்த படுக்கை, வீட்டில் அவள் சம்பளத்தில்தான் உலை கொதித்தது. வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அந்தப் பள்ளியை நடத்தியவர் ஊரில் பெரிய பலசரக்குக் கடைக்காரர், எல்லாரும் மேனேஜர் அண்ணாச்சி என்பார்கள். அவருக்கு அந்த இடத்தில் தம் மருமகளைப் போடவேண்டும் என்று ஆசை. புஷ்பத்துக்குப் பாடம் நடத்தவே வரவில்லை என்று மேலே எழுதிப்போட்டிருந்தார்.

அதில் பாதி உண்மை என்பதுதான் சங்கடம். நான் ஒருநாள் வேறு வேலையாக அந்த ஊருக்குப் போனபோது ஜன்னலுக்கு வெளியே நின்று அவள் வகுப்பைக் கேட்டிருக்கிறேன். அடேயப்பா, அலைச் சத்தத்தை மீறி ஒரு குரல். பிள்ளைகள் அவள் பின்னால் கட்டிப்போட்ட மாதிரிப் போனார்கள். நான் உள்ளே காலை வைத்தேன், குரல் நின்றுவிட்டது. விளக்கை அணைத்தது போலத்தான். பெரியவர்கள் யாராவது நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தால் அவளுக்குத் தொண்டை அடைத்துவிடும். மேனேஜர் அண்ணாச்சி தினமும் வந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

முகாமின் கடைசி நாள் ஒரு பெரிய அதிகாரி வருவதாகவும், புஷ்பம் அவர் முன்னால் மாதிரிப் பாடம் நடத்தவேண்டும் என்றும், அதைப் பார்த்துத்தான் அவள் வேலையை முடிவு செய்வார்கள் என்றும் உத்தரவு வந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நான் கடல்ல வேணும்னாலும் குதிச்சிருதேன். அந்த ஆளுக முன்னால மட்டும் என்னை நிறுத்தாதீங்க" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. முகாம் முடிகிறவரைக்கும் அவளை வெறும் அறையில் நிறுத்தி நான் நாற்காலியில் உட்கார்ந்து பழக்கிப் பார்த்தேன். எனக்கு முன்னால் பேசப் பழகினாள். அவ்வளவுதான் முடிந்தது.

கடைசி நாள் வந்தது. அதிகாரி ஐயா நல்ல உயரம், தமிழ் இலக்கியம் கரைத்துக் குடித்தவர். கணக்கு என்றால் எட்டிப் போய்விடுவார் என்று அவருடைய டிரைவரே எங்களிடம் சொன்னார். பின்வரிசையில் மெத்தை நாற்காலி, பக்கத்தில் மேனேஜர் அண்ணாச்சி, சுற்றிலும் முகாம் ஆசிரியர்கள். புஷ்பம் சாக்பீஸோடு முன்னால் வந்து நின்றாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. தானியேல் சார் அவள் காலைப் பார்த்தார், நானும் பார்த்தேன். கால் மேசைக்குப் பின்னால் போய்விட்டது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது மூங்கில் வளையம் தரையில் படுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால், வகுப்பு லீடர் எழுந்துபோய் வளையங்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தான். இன்னொருத்தி புளியங்கொட்டைகளைப் போட்டாள், பொதுவான கொட்டையைச் சரியாக நடுவில் வைத்தாள். அந்தப் பிள்ளைகளுக்கு எத்தனையோ முகாம் பார்த்த அனுபவம். டீச்சர் கொஞ்சம் சுணங்குகிறார், அதற்காகப் பாடம் நிற்கலாமா? "முதல் வளையத்துல மூணு டீச்சர்" என்று யாரும் கேட்காத கேள்விக்கு எல்லாரும் பதில் சொன்னார்கள். "ரெண்டாவது வளையத்துலயும் மூணு டீச்சர்." ஞானசெல்வி எழுந்து "ஆறு டீச்சர்" என்று சொல்லிவிட்டு, வரவேண்டிய "அப்படியா?"வுக்காகக் காத்து நின்றாள். அது வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டு, அச்சு அசலாகத் தானியேல் சார் குரலில், "அப்படியா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். நெற்றியில் கையை வைத்தாள். "இல்ல டீச்சர், அஞ்சு" என்றாள். வகுப்பு கைதட்டி உட்கார்ந்தது.

அதிகாரி ஐயா எழுந்துவிட்டார். ஆசிரியர் ஒரு வார்த்தை பேசாமல் பிள்ளைகள் தாமே கற்கிற இப்படி ஒரு முறையைத் தம் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார். மேனேஜர் அண்ணாச்சிக்கு முகம் சுண்டிப்போனது. புஷ்பம் பிழைத்தாள் என்று நான் மூச்சு விட்டேன். அப்போதுதான் தானியேல் சார் எழுந்தார்.

"ஐயா மன்னிக்கணும். இது பாடம் இல்ல, நாடகம். இந்தப் பிள்ளைகளுக்கு இது முன்னமே தெரியும், தப்பு எங்க விடணும்னுகூடத் தெரியும். இந்தம்மா வகுப்பைப் பாக்கணும்னா அவுங்க பள்ளிக்கூடத்துக்குத்தான் போகணும்" என்றார்.

எனக்கு அவரை அங்கேயே நாலு கேள்வி கேட்கவேண்டும் போல இருந்தது. வெளியே வந்ததும் கேட்டேன். தானாக வந்த சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டீர்களே சார் என்றேன். அவர் கோபப்படவில்லை. "திங்கக்கிழமை மேனேஜர் திரும்பவும் நாற்காலியைப் போட்டு உக்காருவாரு சிவகாமி. அப்பம் ஞானசெல்வி வந்து காப்பாத்துவாளா?" என்றார். புஷ்பம் சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

அந்தத் திங்கட்கிழமையே அதிகாரியின் ஜீப்பில் கிளம்பினோம். உப்பளக் கரையில் ஜீப் மணலில் புதைந்துவிட்டதால் மிச்சத்தை நடந்தோம். பள்ளிக்கூடம் ஓலைக் கூரை, சுவர் இடுப்பளவுதான், அதற்கு மேல் கடல் தெரியும். மேனேஜர் அண்ணாச்சி தம் கடையிலிருந்து நாற்காலிகளைக் கொண்டுவந்து பின்னால் வரிசையாகப் போட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்ததுமே புஷ்பத்தின் உதடு வெளுத்துவிட்டது.

தானியேல் சார் நாற்காலிகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு அதிகாரியிடம், நாற்காலியில் இருந்து பார்த்தால் ஆசிரியர்தான் தெரிவார், பாடம் தெரியாது, பாடம் தெரியவேண்டுமானால் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சிலேட்டில் எழுதிப் பார்க்கவேண்டும், இதுதான் இப்போது வந்திருக்கிற புது முறை என்றார். நான் அப்படி ஒரு புது முறையைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் அதிகாரிகளுக்குப் புது முறை என்ற வார்த்தையைத் தாண்டிப் போகிற தைரியம் எக்காலத்திலும் கிடையாது. ஐயா பாண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு தரையில் சம்மணம் போட்டார். பக்கத்தில் தானியேல் சார். ஐயாவே உட்கார்ந்துவிட்டதால் மேனேஜர் அண்ணாச்சியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரவேண்டியதாயிற்று. என்னைப் பெண்பிள்ளைகள் வரிசையில் போட்டார்கள். ஆளுக்கொரு சிலேட்டு, ஒரு துண்டுக் குச்சி.

புஷ்பம் வந்து நின்றாள். எங்கள் தலைகளும் பிள்ளைகள் தலைகளும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தன. அவள் எங்களைப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருக்க முடிந்தது. வலைக் கயிறு இரண்டை எடுத்துத் தரையில் இரண்டு வட்டமாகப் போட்டாள், ஒன்றின்மேல் ஒன்று ஏறினமாதிரி. "சங்கு குளிக்கப் போற அப்பாமாரு இந்த வட்டம். வலைக்குப் போற அப்பாமாரு அந்த வட்டம். அவங்கவங்க அப்பாவுக்கு ஒரு சிப்பி போடுங்க பாப்போம்" என்றாள். குரல் கொஞ்சம் நடுங்கினாலும் வந்துவிட்டது.

பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு சிப்பி போட்டார்கள். ஒரு பையன் மட்டும் முழித்துக்கொண்டு நின்றான். அவன் அப்பா சீசனில் சங்குக்குப் போவார், மற்ற நாளில் வலைக்குப் போவார். இரண்டு சிப்பி போடவா என்று கேட்டான். "ஒனக்கு எத்தனை அப்பா?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்க, வகுப்பே சிரித்தது. புஷ்பமும் சிரித்தாள். அவன் யோசித்து யோசித்து, இரண்டு கயிறும் ஏறிக்கிடந்த நடு இடத்தில் ஒரு சிப்பியை வைத்தான். நாங்கள் முகாம் முகாமாகத் தொண்டைத்தண்ணீர் வற்றச் சொன்ன சேர்ப்புக் கணம் அந்த ஒரு சிப்பியில் முடிந்துவிட்டது. அதன்பிறகு அவள் குரல் ஏறியது, கை ஏறியது, நாங்கள் அங்கே இருப்பதையே மறந்துபோனாள்.

கடைசியில் சிப்பிகளை அள்ளிவிட்டு, கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதிப்போட்டாள். சங்குக்குப் போகிறவர் ஆறு பேர், வலைக்குப் போகிறவர் ஏழு பேர், இந்த இரண்டுக்கும் போகிறவர் இரண்டு பேர், ஆக மொத்தம் எத்தனை ஆள்? எல்லாரும் சிலேட்டில் குனிந்தோம். மேனேஜர் அண்ணாச்சி கடைக்காரர் அல்லவா, இரண்டு தடவை எண்ணின மூட்டையை ஒரு தடவை கழிக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் போட்டு முடித்தவர் அவர்தான். அதிகாரி ஐயா மட்டும் குச்சியைக் கடித்தார், கூரையைப் பார்த்தார், பிறகு மெதுவாகத் தலையைச் சாய்த்துத் தானியேல் சாரின் சிலேட்டைப் பார்த்தார்.

பின்னாலிருந்து நடந்துவந்த புஷ்பத்துக்குத் தெரிந்தது குனிந்த ஒரு தலைதான்.

"ஏலே, பக்கத்துச் சிலேட்டைப் பாக்காத" என்றாள்.

ஐயா வெடுக்கென்று சிலேட்டை மார்போடு அணைத்துக் கையால் மறைத்துக்கொண்டார். அப்போதுதான் அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு உடம்பே ஆடிப்போனது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஆனால் பிள்ளைகளுக்கு அதில் ஒன்றும் விசேஷமில்லை, பார்த்து எழுதினால் டீச்சர் திட்டத்தான் செய்வார். முன்வரிசையில் ஒருத்தி "டீச்சர், போட்டுட்டேன்" என்று சிலேட்டை நீட்டினாள். புஷ்பம் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறினாள். பதினைந்து என்று எல்லாவற்றையும் கூட்டி வைத்திருந்த பிள்ளைகளுக்கு ஒவ்வொருத்தராகக் கயிற்றைக் காட்டித் திருத்தினாள். எனக்குப் பதினொன்று, சரி போட்டாள். மேனேஜர் அண்ணாச்சிக்கும் சரி. அவர் அந்தச் சிலேட்டை அழிக்காமல் வாசல்வரைக்கும் எடுத்துக்கொண்டு வந்தார், வழியில் நின்ற இரண்டு பேருக்குக் காட்டவும் செய்தார். சரி போட்ட டீச்சருக்குப் பாடம் நடத்தத் தெரியாது என்று அதற்குமேல் அவரால் எப்படிச் சொல்லமுடியும்? அதிகாரி ஐயா எழுந்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "நல்லா நடத்துறீங்கம்மா, நான் கவனிச்சுக்கிடுதேன்" என்றார். அவள் வேலை நிலைத்துவிட்டது.

திரும்பும்போது நானும் சாரும் முத்தையாபுரத்தில் பஸ் ஏறினோம். எனக்கு ஒரே சந்தோஷம். அவர் மட்டும் உம்மென்று இருந்தார். என்ன சார் என்றேன்.

"நான் வேணும்னே பதினஞ்சுன்னு போட்டேன் சிவகாமி. ஒரு தப்பாவது இருந்தாத்தானே திருத்துதாளான்னு அவருக்குக் காட்டமுடியும். அவ என் சிலேட்டுக்குச் சரி போட்டுட்டா."

"அவரு உங்களைப் பாத்துத்தானே போட்டாரு?"

"அவருக்கும் பதினஞ்சு. அவருக்கும் சரி."

என் வாயில் தன்னாலே வந்துவிட்டது. "அப்படியா?" என்றேன். அவரிடம் யாரும் அதைத் திருப்பிச் சொல்லி நான் கேட்டதில்லை.

பாவம், வசமாக மாட்டிக்கொண்டார். ஒரு தவறைக் கண்டால் திருத்தாமல் தூங்கமுடியாத மனிதர். புஷ்பம் திருத்தவில்லை என்று சொன்னால், அதிகாரி போட்டது தவறு என்றும் சொல்லவேண்டும், பார்த்து எழுதினார் என்றும் சொல்லவேண்டும். நாடகத்தை எழுந்து நின்று அம்பலப்படுத்தியவர், இதை விழுங்கினார். ஆனால் அது அவருக்குச் செரிக்கவேயில்லை. அடுத்தடுத்த வருஷங்களில் திடீர் திடீரென்று, "அவளுக்கு விடை தெரிஞ்சுதான் இருக்கும், இல்லையா?" என்று என்னிடம் கேட்பார். பிள்ளைகளுக்கெல்லாம் திருத்தினாளே சார் என்று சொன்னால் கொஞ்ச நாளைக்குச் சமாதானம் ஆவார். அதற்குப்பிறகு மாதிரிப் பாடத்துக்கு ஒரே வகுப்பைக் கூப்பிடுகிற வழக்கத்தை நிறுத்திவிட்டோம். ஞானசெல்வி வகையறா எங்களிடம் சண்டைக்கே வந்தார்கள்.

எழுபதுகள் முடிகிற சமயத்தில் தானியேல் சாருக்கு ஓய்வு வந்தது. நாசரேத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் பிரிவுபசார விழா. எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஆசிரியர்களே ஹாலை நிறைத்துவிட்டார்கள், இடம் போதாமல் சுவரோரம் நின்றார்கள். அதிகாரி ஐயா அதற்குள் இன்னும் பெரிய அதிகாரி ஆகியிருந்தார். மைக்கைப் பிடித்து அந்தக் கடலோரப் பள்ளிக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். தாம் திட்டு வாங்கியதைக்கூட மறைக்கவில்லை. "எனக்குப் பிறவியிலேயே கணக்கு வராது. என் வாழ்க்கையில கணக்குக்குச் சரி போட்ட ஒரே டீச்சர் அந்தப் புஷ்பம் டீச்சர்தான்" என்று முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மாலையோடு மேடையில் இருந்த தானியேல் சார் மாலைக்குள் முகத்தை இறக்கிக்கொண்டார்.

நடு ஹாலில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. புஷ்பம் எழுந்து மேடைக்கு நடந்தாள். அவள் பெயர் நிகழ்ச்சி நிரலில் இல்லை. எனக்குப் பதற்றமாகி விட்டது. அத்தனை பெரியவர்கள், அத்தனையும் நாற்காலியில். நான் என்னை அறியாமல் அவள் காலைப் பார்த்தேன். மைக்குக்கு முன்னால், மேசைக்கு வெளியே, ஊன்றி நின்றது.

"ஐயா பெருந்தன்மையாச் சொன்னாங்க. ஆனா அன்னைக்கு அவங்க போட்டது தப்பு" என்றாள். குரல் கடைசி வரிசைக்குக் கணீரென்று போனது. "விடை பதினொண்ணு. ஐயா போட்டது பதினஞ்சு. பக்கத்துல இருந்த தானியேல் சார் போட்டதும் அதே தப்புதான். அப்பம் எனக்கு வேலை நிரந்தரம் ஆகல. வீட்டுல அப்பா படுக்கையில கெடந்தாங்க. அதனால ரெண்டு பேருக்கும் சரி போட்டுட்டேன். அது இத்தனை வருஷமா மனசைப் போட்டு அறுத்துக்கிட்டே இருந்துச்சு. இப்பம் திருத்திட்டேன்."

தானியேல் சார் மாலையிலிருந்து மெல்லத் தலையைத் தூக்கினார். தலையைச் சாய்த்தார்.

"அப்படியா?" என்றார்.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து ஆயிரம் விதத்தில் கேட்டவள் நான். அப்படி ஒரு சந்தோஷத்தோடு கேட்டது அன்றைக்குத்தான். ஹால் அதிரக் கைதட்டினார்கள். எனக்குக் கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

முன்வரிசையில் அதிகாரி ஐயா மட்டும் கைதட்டவில்லை. விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஆறும் ஏழும் பதின்மூன்று, அதோடு இரண்டு, பிறகு பதினொன்று எங்கிருந்து வந்தது? மெதுவாகப் பக்கத்து நாற்காலிக்காரர் பக்கம் சாய்ந்து அவர் காதில் ஏதோ கேட்டார். மேடையிலிருந்த புஷ்பம் அதைப் பார்த்துவிட்டாள், மைக்கும் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"ஐயா, பக்கத்துல பாக்காதீங்க. இங்கன பாருங்க, நான் சொல்லுதேன்."